கூம்புத் தீயணைப்பானில் தீயை அணைத்தது எது?

பழைய நூற்பாலை ஒன்றின் ஏலத்தில் இரண்டு பழைய தீயணைப்பான்கள் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று சிவப்பு வண்ணம் பூசிய கூம்பு. இலேசாக அசைத்தாலே உள்ளே கண்ணாடி மோதும் ஓசை கேட்கிறது. மற்றொன்று சைக்கிள் பம்பைப் போன்ற பித்தளைக் குழல். உள்ளே ஏதோ திரவம் தளும்புகிறது. சோடாவும் அமிலமும் கலந்தால் கரியமில வாயு வரும், அந்த வாயு தீயை அணைக்கும் என்று பள்ளியில் படித்தோமே, இவ்வளவு சிறிய கூம்பிலிருந்து வரும் வாயு ஒரு தீயை எப்படி அணைத்திருக்க முடியும் என்பது உங்கள் கேள்வி. மருந்து நிரப்பி வீட்டில் மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியில் நீங்கள் சந்தேகப்பட்டது சரி. இரண்டாவது கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் 31 ஆண்டுகள் நூற்பாலைகளில் தீத்தடுப்புப் பணி பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சுவருக்குச் சுவர் இந்தக் கூம்புகள்தான் தொங்கின. கூம்பின் உடல் நிறைய ஏறத்தாழ 9 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் ஆப்பசோடா கரைக்கப்பட்டிருக்கும். மூடிக்குக் கீழே ஒரு சிறிய கம்பிக் கூடு தொங்கும். அதற்குள் வாய் உருக்கி அடைத்த கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலம் இருக்கும். மூடியின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். தவறிப்போய் அடிபடாமலிருக்க அதன்மேல் ஒரு காப்பு மூடியும் உண்டு. தீப்பிடித்தால் காப்பைக் கழற்றிவிட்டுக் குமிழை ஓங்கித் தட்ட வேண்டும். உள்ளே குப்பி உடையும், அமிலம் சோடாத் தண்ணீரில் கலக்கும், நுரைத்துப் பொங்கும். உடனே கூம்பைக் கவிழ்த்துப் பிடித்து, தண்ணீர் பீச்சும் முனையைத் தீயின் அடிப்பக்கம் காட்ட வேண்டும். பீச்சல் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிற்கும்.

கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னார்களே, அங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. பீச்சும் முனை மூடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் முனைக்கருகே இருப்பது வாயு; குமிழைத் தட்டியதும் அது சீறிக்கொண்டு வெளியேறிவிடும், தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும். கவிழ்த்தால் தண்ணீர் முனைப் பக்கம் வந்துவிடும், வாயு அதன் முதுகில் ஏறி நின்று தள்ளும். வாயுவால் தீயை அணைப்பது நோக்கமாக இருந்திருந்தால், கூம்பை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். இதைச் செய்தவர்கள் வாயுவைத் தள்ளுவிசையாக மட்டுமே கருதினார்கள் என்பதற்குச் சாதனத்தின் உருவமே சாட்சி. தீயை அணைத்தது தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இதுவே தெரியும். அமெரிக்காவில் பரவலாக இருந்த இரண்டரை கேலன் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 680 கிராம் ஆப்பசோடா, 118 மில்லி லிட்டர் அடர் கந்தக அமிலம். அந்த அமிலம் முழுவதும் வினைபுரிந்தால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 100 லிட்டர் கரியமில வாயு கிடைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டராக உள்ள ஓர் அறையில் 27,000 லிட்டர் காற்று இருக்கிறது. 100 லிட்டர் வாயு அதில் அரை விழுக்காடு கூட இல்லை. ஓர் அறையைக் கரியமில வாயுவால் நிரப்பித் தீயை அணைக்க வேண்டுமானால் 30 விழுக்காட்டுக்கு மேல் தேவைப்படும். மறுபக்கம் தண்ணீரைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குப் போக ஏறத்தாழ 290 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக இன்னும் 2,257 கிலோ ஜூலை விழுங்குகிறது. மரம், காகிதம், துணி, பஞ்சு போன்றவை எரியும்போது கனலைக் குளிரவைப்பதே பெரிய வேலை. அதில் தண்ணீருக்கு ஈடான மலிவான பொருள் இன்றும் கிடையாது.

அந்த அளவுகளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அவ்வளவு அமிலத்துக்கு உண்மையில் தேவைப்படும் சோடா 340 கிராமை ஒட்டித்தான். ஏறத்தாழ இரு மடங்கு போட்டிருக்கிறார்கள். அமிலம் மிச்சமின்றி நடுநிலையாகிவிட வேண்டும், பீச்சும் தண்ணீர் ஆளையும் சரக்கையும் அரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனாலும் முதல் சில நொடிகளில், கலவை சரியாகக் கலப்பதற்குள் வரும் தண்ணீரில் அமிலம் இருக்கக்கூடும். பயிற்சி நாட்களில் முதல் பீச்சலின்போது எதிரே யாரையும் நிற்கவிட மாட்டோம். பயிற்சி முடிந்து காய்ந்தபின் காக்கிச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வினையில் பிறந்த சோடியம் சல்பேட்டும் மிஞ்சிய சோடாவும்தான் அது.

அப்படியானால் பாடப் புத்தகம் சொன்னது முழுத் தவறா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். தண்ணீரில் கரைந்து வரும் வாயுவும் தீயருகே கொஞ்சம் வெளிப்படத்தான் செய்யும். கிணறு போன்ற குறுகிய இடத்திலோ மூடிய பெட்டிக்குள்ளோ அது சிறிது உதவியிருக்கலாம். ஆனால் அதை முதன்மைக் காரணமாகச் சொல்வது விற்பனையாளர்களின் பழைய பேச்சு. அமெரிக்காவில் 1870-கள் தொடங்கி, இதே வினையைப் பெரிய தொட்டிகளில் நடத்தும் ‘கெமிக்கல் எஞ்சின்’ வண்டிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடின. வாயு கலந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தது என்று அவற்றுக்கு விளம்பரம் செய்தார்கள். அந்த வண்டிகளின் உண்மையான சிறப்பு வேறு. நீராவி எஞ்சின் கொதிகலனைச் சூடாக்கி அழுத்தம் ஏற்றுவதற்குள், இந்த வண்டி போய்ச் சேர்ந்த மறுநிமிடமே தண்ணீர் பீச்சத் தொடங்கிவிடும். தீ சின்னதாக இருக்கும்போதே போய்ச் சேரும் கொஞ்சத் தண்ணீர், அரை மணி கழித்து வரும் ஏரித் தண்ணீரைவிட மேல். இது என் அனுபவத்திலும் கண்டது.

இந்தச் சாதனங்களின் வரலாறே தண்ணீரை எப்படித் தள்ளுவது என்ற தேடல்தான். 1723-ல் லண்டனில் ஆம்புரோஸ் காட்ஃப்ரே என்ற வேதியியலாளர், தீயணைக்கும் திரவம் நிரம்பிய மரப்பீப்பாயின் நடுவே வெடிமருந்து அறை ஒன்றை வைத்தார். திரியைப் பற்றவைத்துத் தீக்குள் உருட்டினால் பீப்பாய் வெடித்துத் திரவம் சிதறும். அடுத்த நூற்றாண்டில் வந்த ஜார்ஜ் வில்லியம் மேன்பி என்ற ஆங்கிலேயப் படைத் தலைவர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. கடலில் உடைந்த கப்பலுக்குக் கரையிலிருந்து பீரங்கியால் கயிறு எறிந்து ஆட்களைக் காப்பாற்றும் முறையை வகுத்தவரும் அவர்தான். எடின்பரோவில் ஒரு தீவிபத்தின்போது மேல் மாடிகளுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக முடியாமல் தீயணைப்பாளர்கள் தவித்ததைக் கண்டார். ஒரே ஆள் தோளில் சுமந்து மாடி ஏறிப் போகக்கூடிய கருவி வேண்டும் என்று அங்கே அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் செப்புக் கலத்தில் 3 கேலன் பொட்டாசியம் கார்பனேட் கரைசலும் மீதி இடத்தில் அழுத்திய காற்றும் கொண்ட அவருடைய கருவி. இன்று நம் அலுவலகச் சுவர்களில் அழுத்தமானியுடன் தொங்கும் சாதனத்தின் பாட்டன் அது. ஆனால் அந்தக் காலத்து மூட்டுகளும் வால்வுகளும் காற்றை மாதக்கணக்கில் பிடித்துவைக்கத் தோதானவை அல்ல. அழுத்தத்தை முன்கூட்டியே அடைத்து வைக்காமல், தேவைப்படும் நொடியில் உள்ளேயே பிறக்கச் செய்யலாம் என்ற எண்ணத்தில்தான் சோடாவும் அமிலமும் வந்து சேர்ந்தன.

இதை முதலில் செய்தவர் யார் என்பதில் நாட்டுக்கு நாடு பெயர் மாறும். பிரான்சில் 1866-ல் காப்புரிமை பெற்ற பிரான்சுவா கார்லியேவைச் சொல்வார்கள். அவர் பயன்படுத்தியது டார்டாரிக் அமிலம், புளியில் இருக்கும் அதே அமிலம். அமெரிக்காவில் 1881-ல் காப்புரிமை பெற்ற ஆல்மன் கிரேஞ்சரைச் சொல்வார்கள். கந்தக அமிலத்துக்கு வந்தவர் அவர். உங்களிடம் இருக்கும் கூம்பு உருவம் பிரபலமானது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வில்ஹெல்ம் கிராஃப் என்பவர் ஜெர்மனியில் 1902-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மினிமேக்ஸ் சாதனத்தால். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் எடுத்து மோதிப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அந்த வடிவத்தில் தெரிகிறது. நம் நாட்டில் இதற்கு இருந்த தர நிர்ணய எண் ஐஎஸ் 934. உங்கள் கூம்பின் தகட்டில் வண்ணத்தை இலேசாகத் துடைத்துப் பாருங்கள், அந்த எண் இருந்தால் அது இந்தியத் தயாரிப்பு.

இடையில் ஒரு காலத்தில் கண்ணாடிக் குண்டுகளும் வந்தன. 1870-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் ஹேவர்டு, ஹார்டன் ஸ்டார் என்ற பெயர்களில் விற்ற நீலம், பச்சை, மஞ்சள் நிறக் குண்டுகள் இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல விலைக்குப் போகின்றன. தீயில் எறிந்தால் உடைந்து அணைத்துவிடும் என்றார்கள். பெரும்பாலும் உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர், அதில் கொஞ்சம் சோடா அல்லது நவச்சாரம். குளிர்நாட்டு மாடிகளில் உறைந்துபோகாமல் இருக்க உப்பு உதவியது. அரை லிட்டர் தண்ணீரைக் குறிபார்த்து எறிவதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த வகைக் குண்டுகளிலேயே பிற்காலத்தில் வந்தவற்றில் தண்ணீருக்குப் பதில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவம் இருந்தது. அங்கிருந்துதான் உங்கள் பித்தளைக் குழலின் கதை தொடங்குகிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிற வரையில் அந்தக் குழல் ‘பைரீன்’ வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் டெலவேர் நிறுவனம் ஒன்று 1910-ஐ ஒட்டிக் கொண்டுவந்த வகை இது. பிறகு பலரும் இதே உருவத்தில் செய்தார்கள். கைப்பிடியைத் திருகித் தளர்த்தி, பம்பு அடிப்பதுபோல இழுத்தும் தள்ளியும் பீச்ச வேண்டும். உள்ளே இருப்பது கார்பன் டெட்ராகுளோரைடு. தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது; ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.6 கிலோ நிற்கும். உங்கள் குழல் அதன் அளவுக்கு மீறிக் கனப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா, நான் கவலைப்படுவது அதனால்தான். இது 77 டிகிரியிலேயே கொதித்து, காற்றைவிட 5 மடங்கு கனமான ஆவியாகித் தீயின்மேல் கவியும். மின்சாரத்தைக் கடத்தாது, ஈரம் விடாது, கறை வைக்காது. கார்களிலும் லாரிகளிலும் மின் பலகைகளுக்கு அருகிலும் இதை விரும்பி மாட்டினார்கள்.

தீயை வேதியியலால் நேரடியாகத் தொட்ட முதல் கைக்கருவி என்று இதைத்தான் சொல்வேன். கூம்பில் வேதிவினை தண்ணீரைத் தள்ளியது, அவ்வளவே. இங்கே பீச்சும் பொருளே சுடருக்குள் போய் வேலை செய்கிறது. சுடர் என்பது ஒரு தொடர்வினை. ஹைட்ரஜன் போன்ற தனி அணுக்கள் ஒன்றை உடைத்து மற்றொன்றை உண்டாக்கிச் சங்கிலிபோல அதை நீட்டிக்கொண்டே போகின்றன. சூட்டில் சிதையும் டெட்ராகுளோரைடிலிருந்து வரும் குளோரின் அந்த அணுக்களைப் பிடித்துக்கொள்வதால் சங்கிலி அறுகிறது. விற்றவர்கள் அன்று கனத்த ஆவிப் போர்வையை மட்டுமே காரணமாகச் சொன்னார்கள். போர்வையும் உண்டு, குளிர்ச்சியும் உண்டு, சங்கிலி அறுதலும் உண்டு என்பது பின்னாளில் தெளிவானது.

அதே சிதைவுதான் அதன் கொடுமையும். சூடான உலோகத்தில் பட்டால் இதிலிருந்து பாஸ்ஜீன் என்ற வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் வீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. காற்றோட்டமில்லாத அறையில் தீயை அணைத்தவரையே அது அன்றிரவோ மறுநாளோ மூச்சடைக்க வைக்கும். தீயே இல்லாவிட்டாலும் டெட்ராகுளோரைடின் ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். ஓசோன் படலத்தையும் அரிப்பதால் 1990-ல் மான்ட்ரியல் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

எண்ணெய்த் தீக்கு வழி வேறொரு ஊரில் பிறந்தது. பாகூவின் எண்ணெய் வயல்கள் எரிவதைப் பார்த்த ரஷ்யரான அலெக்சாண்டர் லோரான், 1904-ல் நுரைத் தீயணைப்பானைக் கொண்டுவந்தார். அதே சோடாதான், கந்தக அமிலத்துக்குப் பதில் அலுமினியம் சல்பேட். எண்ணெயில் தண்ணீர் மூழ்கிவிடும், நுரை மிதக்கும். நுரை சட்டென்று உடையாமல் நிற்க, அந்தக் கால நுரைக் கலவைகளில் அதிமதுர வேரின் சாறு சேர்ப்பது வழக்கம். சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் நுரைக்க வைக்கிற சப்போனின் அதிலும் இருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் நீண்ட காலம் மாட்டியிருந்த 9 லிட்டர் நுரைச் சாதனம் இதன் வழி வந்தது. அதையும் கவிழ்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிறகு அந்த ஆப்பசோடாவே உலர்ந்த பொடியாகத் தீயின்மேல் நேரடியாக வீசப்பட்டது. பொடியாகப் போகும்போது அது சுடரின் சங்கிலியை அறுக்கிறது. கூம்புக்குள் தண்ணீரைத் தள்ளுவதற்காகக் கரைத்துவைத்த அதே பொருளுக்குத் தீயைக் கொல்லும் குணம் இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனி, ஏன் நிரப்ப வேண்டாம் என்கிறேன் என்பது. அழுத்தம் நிரப்பிய இன்றைய சாதனம் அன்றாடம் அழுத்தத்தைத் தாங்கியபடியே நிற்கிறது; பலவீனமாக இருந்தால் கசிந்து, அழுத்தமானியின் முள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கூம்பு அப்படியல்ல. ஆண்டுக்கணக்கில் அழுத்தமே இல்லாமல் தொங்கும். சோடாத் தண்ணீர் உள்ளிருந்து தகட்டை அரித்திருந்தாலும் வெளியே தெரியாது. முதல் அழுத்தம் பிறப்பதே நீங்கள் அதைக் கையில் பிடித்திருக்கும்போதுதான், அதுவும் உங்கள் முகத்துக்கு அருகே. ஒருமுறை ஆண்டுப் பராமரிப்பில் நான் ஒரு கூம்பின் முனையைக் கம்பியால் குத்திப் பார்த்தபோது கம்பி உள்ளே போகவில்லை. இன்னும் அழுத்தியபோது காய்ந்த செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது. அன்று பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்து யாராவது அந்தக் கூம்பின் குமிழைத் தட்டியிருந்தால், வாயுவுக்குப் போக வழி இருந்திருக்காது. கையில் கொஞ்சம் செம்மண்ணோடு அங்கே வெகுநேரம் நின்றது நினைவிருக்கிறது. அடுத்த வாரமே எல்லா முனைகளுக்கும் மெல்லிய மெழுகுத்தாள் ஒட்டினோம். இப்படிப் பல காரணங்களால் அமெரிக்காவில் 1969-ல் இந்த வகையின் உற்பத்தியே நின்றது. கவிழ்த்துப் பிடிக்கும் சாதனங்களைப் பணியிடங்களிலிருந்து 1982 தொடக்கத்துக்குள் அகற்ற வேண்டும் என்று அங்கே சட்டமும் வந்தது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இது. படத்தை வைத்து உங்கள் கூம்பில் குப்பி முழுதாக இருக்கிறதா, உடைந்து காலியாகிவிட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. கண்ணாடி ஓசை இரண்டுக்கும் பொருந்தும். முழுதாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இனி ஆட்டிப் பார்க்காதீர்கள், கவிழ்க்காதீர்கள், குமிழைத் தொடாதீர்கள். நிமிர்ந்தபடியே ஒரு வாளி மணலில் நிறுத்திவிடுங்கள். உங்கள் ஊரில் தீயணைப்பான் நிரப்பித் தரும் பழைய கடை எதிலாவது, இந்தக் கூம்புகளைக் கையாண்ட வயதானவர் ஒருவர் இருப்பார். அவரை வரவழைத்து மூடியைத் திறந்து குப்பியை எடுக்கச் சொல்லுங்கள். காலி செய்து கழுவிய கூம்பை, முனையை அடைக்காமல், கூடத்தில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பித்தளைக் குழலில் இன்னும் கவனம் வேண்டும். முகர்ந்து பார்க்காதீர்கள், இனிப்பு வாடை வருகிறதா என்று சோதிக்கச் சொல்லி யாராவது சொன்னாலும் வேண்டாம். கைப்பிடி அசையாதபடி துணியால் கட்டி, உறையிட்டு, ஆட்கள் புழங்காத, காற்றோட்டமான வெளித் திண்ணையில் வையுங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ ஊற்றினால் கிணற்றுத் தண்ணீருக்குப் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால், அபாயகரக் கழிவை எடுத்துக்கொள்ளும் இடத்தைச் சொல்வார்கள். வீட்டுக்குத் தீயணைப்பான் வேண்டுமென்றால் புதிதாக ஏபிசி பொடிச் சாதனம் ஒன்று வாங்கி, சமையலறைக்குள் மாட்டாமல் அதிலிருந்து வெளியேறும் வாசலருகே மாட்டுங்கள். அப்போதுதான் தீயைத் தாண்டிப் போகாமல் அதை எடுக்க முடியும்.